பிழைத்து வந்தவனுக்குப் புட்டிதானா துணை?

(வாசகசாலை மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தவர்களும் குடியும் என்பதாகும். இது டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் பேச வேண்டிய சங்கதியல்லவா, வாசகசாலைத் திண்ணையில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் டாக்டருக்குப் படித்தவரல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடம் நம்மை விட்டுவிட்டது. நாமும் அதை விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இந்தப் பெஞ்சியில் உட்கார்ந்து படித்ததுதான். ஆகையால் நாம் சொல்வதை டாக்டர் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்தும், கேட்டும், கண்ணால் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். படாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஆனால் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்று பேசப்போவதில் பாதி நம்முடைய தப்பைப் பற்றியது. ஊரார் தப்பை எடுத்துச் சொல்லிச் சொல்லியே வாய் பழகிப்போன நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான காரியம். கஷ்டம் என்பதற்காகச் சொல்லாமல் விட்டால், பிறத்தியாரைப் பார்த்து "யோசித்துப் பாருங்கள்" என்று கூவ நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நாம் செய்த காரியம்

நம் வாசகசாலைக்கு வருகிற தோழர் ஒருவர். தையல் தொழில் செய்பவர். அவர் சம்மதம் பெற்றுத்தான் இதைச் சொல்லுகிறோம். பெயரைச் சொல்லமாட்டோம், தெரிந்தவர்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அவருக்கு வெகுகாலமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கமும், கடை சாத்திய பிறகு குடிக்கிற பழக்கமும் இருந்தன. மூன்று வருஷங்களுக்கு முன் கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு புண் வந்தது. வலிக்காததால் சும்மா விட்டுவிட்டார். ஆறாமலே இருந்ததால் கடைசியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் என்று சொல்லி, தாடை எலும்பில் ஒரு பகுதியோடு அறுத்தெடுத்தார்கள். பிறகு ஜனங்கள் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லுகிறார்களே, அந்தக் கதிர் வைத்தியம் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம் நடந்தது. வாயெல்லாம் வெந்து, மூக்கு வழியாக டியூப் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். ஆனாலும் பிழைத்துத் திரும்பி வந்தார்.

வந்த மறு வாரமே நாம் ஒரு கூட்டம் போட்டோம். அவருக்கு ஒரு துண்டு போர்த்தினோம். அவரை மேடையில் நிறுத்தி, "இந்தத் தோழரைப் பாருங்கள்! இவரைக் காப்பாற்றியது நேர்த்திக்கடனா? தாயத்தா? டாக்டருடைய கத்தியல்லவா!" என்று முழங்கினோம். கூட்டம் கைதட்டிற்று. அவர் மனைவி ஒரு கோவிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும். அந்தம்மாள் பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாம் சொன்னது பொய்யல்ல. இன்றைக்கும் அதில் ஓரெழுத்தை மாற்றமாட்டோம். ஆனால் ஒரு மனுஷனைக் கோர்ட்டில் சாட்சிப் பொருளை மேஜைமேல் வைப்பது போல வைத்தோம். சாட்சிப் பொருளுக்குப் பசி உண்டா, பயம் உண்டா? கூட்டம் முடிந்தது. நாம் துண்டுப் பிரசுரம் எத்தனை விற்றது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் தனியாக நடந்து போனார். போகிற வழியில் கடை இருந்தது. அன்று இரவு மறுபடியும் குடித்தார்.

இதெல்லாம் பிற்பாடு அவரே சொல்லி நமக்குத் தெரிந்தது. "மேடைமேல் ஏற்றினீர்கள் அண்ணே, இறங்கின பிறகு வீடு வரைக்கும் கூட நடக்க ஒருத்தரும் இல்லை" என்றார். தோழர்களே! எத்தனையோ பண்டிதர்களுக்கு மேடையில் பதில் சொல்லியிருக்கிறோம். இதற்குப் பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் அவர் குடிக்கிற சங்கதி நம் காதுக்கு வந்தது. உடனே என்ன செய்தோம்? மறுபடியும் பிரசங்கம்தான்! பத்துப் பேர் முன்னிலையில், "நாளை முதல் ஒரு சொட்டும் தொடமாட்டேன்" என்று வாக்கு வாங்கினோம். அவர் மானமுள்ள மனுஷன், சொன்னபடி தொடவில்லை. அதனால் மூன்றாம் நாள் நடந்ததை அப்புறம் சொல்லுகிறோம்.

பிழைப்பவர்கள் பெருகுகிறார்கள்

ஒரு காலத்தில் புற்றுநோய் என்றால் பாடையை மூங்கிலுக்குச் சொல்லிவிடு என்பதுதான் அர்த்தம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையையே இந்த வியாதிக்குப் பறிகொடுத்தவர். இதற்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகப் போராடி, 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. இன்று அறுவை உண்டு, கதிர் உண்டு, கீமோ என்கிற மருந்து வைத்தியம் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம். ஆகவே பிழைத்துத் திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

சந்தோஷந்தான். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கற்றுக்கொண்ட ஊர், திரும்பி வந்தவனோடு எப்படிப் பழகுவது என்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. உடம்புக்குக் கணக்கு முடிந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்துவிட்டார்கள். மனத்துக்கு யார் சீட்டு கொடுப்பது?

ஏன் குடிக்கிறான்?

"சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தவன், அப்படியும் குடிக்கிறானே, அவனுக்குப் புத்தி இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். புத்தி இருக்கிறது. புத்தி இருப்பதனால்தான் பயப்படுகிறான். பயத்துக்கு அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றாக இருப்பதால் குடிக்கிறான்.

முதலாவது, நோய் திரும்பி வந்துவிடுமோ என்கிற பயம். முதல் இரண்டு வருஷங்களில் அடிக்கடி பரிசோதனைக்கு வரச் சொல்லுகிறார்கள். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே சோறு இறங்குவதில்லை. தொண்டை கரகரத்தாலும் பயம், பல் கூசினாலும் பயம். டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் பத்து நாள் நிம்மதி. பிறகு அடுத்த தேதியை நினைத்து மறுபடியும் பயம்.

இரண்டாவது, வெட்கம். முகம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, எச்சில் ஊறுவதில்லை, வாய் காய்ந்துபோகிறது, மிளகாய் பட்டால் எரிகிறது. பந்தியில் உட்கார்ந்தால் எதிரிலிருப்பவன் தன் இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவன் வாயைப் பார்க்கிறான். நம் தையல்காரத் தோழர் சொன்னது என்ன தெரியுமா? நூலைப் பல்லால் கடித்து அறுப்பது அவருக்கு முப்பது வருஷத்துப் பழக்கம். திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்த முதல் நாள், பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனாராம். கடிக்க அங்கே பல்லும் இல்லை, தாடையும் இல்லை. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. இருந்தாலும் அன்று முழுதும் மிஷினை மிதிக்கவில்லை என்றார்.

மூன்றாவது, கடனும் வேலையில்லாமையும். சர்க்கார் வைத்தியம் இலவசமாகவே இருக்கட்டும். பஸ் சார்ஜும், கூட இருந்தவர் சாப்பாடும், ஆறு மாதக் கூலி நஷ்டமும் யார் தலைமேல்?

நான்காவது, இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாமை. சொன்னால், "உயிரோடு வந்தாயே, அதற்குச் சந்தோஷப்படு" என்று வாயை அடைத்துவிடுகிறோம். செத்தவனுக்காக அழலாம், பிழைத்தவன் அழக்கூடாது என்பது நம் ஊர்ச் சட்டமாயிருக்கிறது. எல்லோரும் வாயை அடைத்துவிட்ட இடத்தில், அவன் பேச்சை மறுக்காமல் கேட்கிற தோழன் புட்டி ஒன்றுதான்.

அந்தத் தோழனின் யோக்கியதை

சரி, அந்தத் தோழன் நாணயமானவனா என்று பார்ப்போம். குடித்தால் கவலை தீருகிறது என்று சொல்லுகிறவனை நாம் பொய்யன் என்று சொல்லவில்லை. முதல் டம்ளரில் கொஞ்சம் தீருகிறது என்பது மெய். ஆனால் எப்படித் தீருகிறது, எவ்வளவு நேரம் தீருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

நம் மூளையில் அடக்குகிற வேலைக்குச் சில இரசாயனங்களும், கிளப்புகிற வேலைக்குச் சில இரசாயனங்களும் உண்டு. இரண்டும் தராசுத் தட்டு போலச் சமனாக நிற்க வேண்டும். குடி அடக்குகிற தட்டில் எடைக்கல்லைப் போடுகிறது. மனம் அமர்ந்த மாதிரி தெரிகிறது. தினமும் போட்டால் மூளை சும்மா இருக்குமா? சமன் செய்வதற்காக எதிர்த்தட்டில் தானும் கல்லை ஏற்றிக்கொள்கிறது. போதை இறங்கியதும் இந்தத் தட்டுக் கல் போய்விடுகிறது; அந்தத் தட்டுக் கல் அப்படியே நிற்கிறது. அதுதான் விடியற்காலத்து நடுக்கம், படபடப்பு, காரணம் தெரியாத பயம். நேற்றைக்கு எட்டணா பயத்தைத் தீர்க்கப் போனவனுக்கு இன்றைக்கு ஒரு ரூபாய் பயம். வட்டிக்கடைக்காரன் கூட இவ்வளவு அநியாயமாக வட்டி போடமாட்டான்.

தூக்கமும் அப்படித்தான். குடித்தவுடன் கண் சொருகுகிறது, பின்னிரவில் கலைந்துவிடுகிறது. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, நோய் திரும்பி வருமா என்று கூரையைப் பார்க்கிறான். வலிக்காக மார்பின் வகை மருந்தோ, தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவன் குடியையும் சேர்த்துக்கொண்டால் மூச்சே அடங்கிவிடக்கூடும். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருந்தால் அதன் வேலையையும் குடி கெடுக்கிறது.

இவ்வளவும் மனத்துக்கு. இனி நோய்க்கு வருவோம். உலகத்தில் எந்தெந்த வஸ்து புற்றுநோயை உண்டாக்குகிறது என்று ஆராய்கிற சர்வதேச ஸ்தாபனம் ஒன்று பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்தில் இருக்கிறது. அது 1988-லேயே குடிவகைகளை முதல் வகுப்பில், அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகமற நிச்சயமான வஸ்துக்களின் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே வகுப்புத்தான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் குடியினால் புற்றுநோய் வருகிறது. 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 7 லட்சத்து 41 ஆயிரம் புதிய புற்றுநோய்களுக்குக் குடி காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எப்படி வருகிறது? குடியிலுள்ள ஆல்கஹால் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்கிற விஷமாக மாறுகிறது. அந்த விஷம் நம் அணுக்களுக்குள்ளே இருக்கிற மூலச் சரக்கைச் சேதப்படுத்துகிறது. சேதத்தைச் செப்பனிடவும் விடாமல் தடுக்கிறது. வாயிலுள்ள கிருமிகளே இந்த மாற்றத்தைச் செய்வதால், விழுங்குவதற்கு முன்பே வாயில் விஷம் உண்டாகிவிடுகிறது. புகையிலையும் கூடச் சேர்ந்தால், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்கிற கணக்கல்ல. ஒன்றை மற்றொன்று பெருக்குகிறது. ஒரு முறை வாயில் புற்றுநோய் வந்து போனவனுக்கு அதே வாயிலும் தொண்டையிலும் இரண்டாவது புற்றுநோய் புதிதாகக் கிளம்பும் அபாயம் சாதாரண ஜனங்களைவிட அதிகம். குடியும் புகையிலையும் அந்த அபாயத்தை இன்னும் ஏற்றுகின்றன. எந்தப் பயத்தை மறக்கக் குடிக்கிறானோ, அந்தப் பயத்தையே நிஜமாக்குகிறது குடி. திருடனுக்குப் பயந்து திருடனையே காவலுக்கு வைத்த கதைதான்!

சில சமாதானங்கள்

இதைச் சொன்னால் சில சமாதானம் சொல்லுகிறார்கள். ஒருவர், "நாட்டுச் சரக்குத்தான் கெடுதல், விலையுயர்ந்த சரக்கு ஒன்றும் செய்யாது" என்கிறார். ஆல்கஹாலுக்குப் பாட்டிலின் மேலுள்ள சீட்டைப் படிக்கத் தெரியாது. கள், சாராயம், பிராந்தி, பீர், ஒயின் எல்லாவற்றிலும் இருப்பது அதே வஸ்து. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 650 மில்லி பீர் பாட்டிலில், சரக்கின் காரத்தைப் பொறுத்து, 25 முதல் 40 கிராம் வரை இருக்கிறது. "பீர் சூட்டைத் தணிக்கும்" என்பதற்குப் பதில் இந்தக் கணக்குத்தான்.

இன்னொருவர், "அளவோடு குடித்தால் மருந்து" என்கிறார். உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல், பாதகமில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது. ஐரோப்பாப் பிரதேசத்தில் குடியினால் வருகிற புற்றுநோய்களில் பாதி, கொஞ்சமாகவும் மட்டாகவும் குடிக்கிறவர்களுக்கே வருகிறது என்றும் அது சொல்லுகிறது. மட்டான குடி என்றால் எவ்வளவு? வாரத்துக்கு 450 மில்லி சாராய வகைக்குக் கீழே. அதாவது இரண்டரை குவார்ட்டருக்கும் குறைவு!

மூன்றாமவர்தான் பரிதாபத்துக்குரியவர். "வருவது வந்துவிட்டது, இனி நிறுத்தி என்ன பிரயோஜனம்?" என்கிறார். பிரயோஜனம் உண்டு. குடியைக் குறைத்தாலும் நிறுத்தினாலும் வாய்ப் புற்றுநோய்க்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குமுள்ள அபாயம் குறைகிறது என்பதற்குப் போதுமான ருசு இருக்கிறது என்று அதே லியோன் நகரத்து ஸ்தாபனம் 2023-ல் முடிவு சொல்லியிருக்கிறது. ஒரே நாளில் குறையாது, மெள்ளத்தான் குறையும். ஆனால் குறையும்.

பகுத்தறிவுச் சட்டை போட்ட கர்மவினை

தோழர்களே! நோய் வந்தவனைப் பார்த்துப் புரோகிதன் என்ன சொல்லுகிறான்? "பூர்வ ஜன்மத்துப் பாவம்" என்கிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர், "குடித்தான், வந்தது, அவனுக்கு வேண்டும்" என்று சொல்லுகிறோம்? இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவன் போன ஜன்மத்தைச் சொன்னான். நாம் இந்த ஜன்மத்தைச் சொன்னோம். தண்டனை என்கிற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். நாம் செய்வதும் கர்மவினைதான், பகுத்தறிவுச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே!

காரணத்தைத் தெரிந்துகொள்வது இனி வராமல் தடுப்பதற்காக. வந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. மேலும், குடித்தவர்களுக்கெல்லாம் வருவதில்லை, வந்தவர்களெல்லாம் குடித்தவர்களுமல்ல. ஒரு சொட்டும் தொடாத தாய்மார்களுக்கும், பால் குடிக்கிற குழந்தைகளுக்கும் கூடப் புற்றுநோய் வருகிறது. அவர்கள் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார்கள்?

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. பிழைத்து வந்தவருக்கு வீட்டிலேயே தனி டம்ளர், தனித் தட்டு. புற்றுநோய் எச்சிலால் தொற்றுவதில்லை, தொட்டால் ஒட்டுவதில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் வீட்டுச் சமையலறையிலே தனி டம்ளர் இருக்கலாமா? தனி டம்ளரில் காப்பி வாங்கிக் குடித்தவன், எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர் கிடைக்கிற இடத்தைத் தேடிப் போகிறான். அந்த இடம் எது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் நடந்தது

இனி, விட்ட இடத்துக்கு வருகிறோம். வாக்குக் கொடுத்த தையல்காரத் தோழருக்கு மறுநாளே கை நடுங்கிற்று. சட்டை நனைய வியர்த்தது. இரண்டாம் நாள் இரவு தூக்கமே இல்லை. மூன்றாம் நாள், சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டினார். செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்பதாகச் சொல்லி அவரோடு பேசினார். அக்கம்பக்கத்தார் கூடி, "அண்ணன் ஆவி இறங்கிவிட்டது" என்று தீர்மானம் செய்து, வேப்பிலை ஒடிக்க ஆள் அனுப்பினார்கள். அதற்குள் கை கால் வெட்டி இழுத்துக்கொண்டது. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அன்று கூட்டத்தில் நாம் தலைகுனிய வைத்த அந்த அம்மாள்தான்! நாமோ, அதே நேரத்தில் பக்கத்து ஊரில் பேய் பிசாசு என்பது பொய் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தோம்.

அது ஆவியல்ல, வலுவாகத் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தியதனால் வருகிற கோளாறு. எதிர்த்தட்டிலே கல் மட்டும் நிற்கிறது என்று சொன்னோமே, அதுதான் இப்படி ஆட்டுகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலிக்கக்கூடும். கவனிக்காவிட்டால் உயிரே போகக்கூடும். ஏற்கனவே சோறு இறங்காமல் மெலிந்த உடம்புக்கு இன்னும் ஆபத்து. ஆகையால், தினமும் நிறையக் குடிக்கிறவரைப் பிடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நடுக்கத்தை அடக்க மருந்து கொடுத்து, பி-1 என்கிற தயமின் வைட்டமினும் கொடுத்து, சில நாட்களில் பத்திரமாக இறக்கிவிடுவார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து விற்கிற பொடிகளை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே வெளிச்சம். டைசல்பிராம் போன்ற மருந்து அதில் இருந்து, விஷயம் தெரியாமல் அவர் குடித்துவிட்டால், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே மோசம் வரலாம். குடி ஆசையைக் குறைக்கும் நல்ல மருந்துகள் உண்டு. அவற்றையும் ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உதாரணமாக, வலிக்கு மார்பின் வகை மருந்து சாப்பிடுகிறவருக்கு நால்ட்ரெக்ஸோன் ஆகாது. வலி மருந்தின் வேலையை அது தடுத்துவிடும். ஆகவே புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர், தாம் சாப்பிடுகிற மருந்தையெல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டும். எவ்வளவு குடிக்கிறார் என்பதையும் வெட்கப்படாமல் மெய்யாகச் சொல்ல வேண்டும்.

பெண்களின் கதி

குடி ஆண் பிள்ளைகளின் கதை என்று நினைக்க வேண்டாம். பெண்களிலும் குடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒளித்துக் குடிப்பதால் உதவி கேட்கவும் வழியில்லை. குடி பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்பை ஏற்றி மார்பகப் புற்றுநோய்க்கு வழி செய்கிறது.

இன்னொரு காட்சியும் நாம் பார்க்கிறோம். மனைவிக்கு மார்பை அறுத்தெடுக்கிறார்கள். "துக்கம் தாங்காமல்" புருஷன் குடிக்கிறான்! ஊரும் அவனுக்குப் பரிதாபப்படுகிறது. அறுபட்டது யாருக்கு? தலைமயிர் கொட்டியது யாருக்கு? அவள் கீமோ வாந்தியோடு எழுந்து இவன் வாந்தியைக் கழுவுகிறாள். அவளுக்கு ஒரு மனம் இருக்கிறதென்றும், அதற்கும் துக்கம் வரும் என்றும் யாராவது கேட்டார்களா?

சர்க்காரும் நாமும்

சர்க்காரைப் பற்றி இரண்டே வார்த்தை. இந்த மாகாணத்தில் 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பித்தது, 1971-ல் கடை திறந்தது, பிறகு மூடிற்று, மறுபடியும் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் ஏற்பட்டு, 2003 முதல் சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்துகிறது. புற்றுநோய் வார்டும் சர்க்காருடையது, கடையும் சர்க்காருடையது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆனால் சர்க்கார் திருந்துகிற வரைக்கும் நம் தோழர் காத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் ஜிம்மி ஹாலண்டு என்கிற அம்மையார், 1977-ல் நியூயார்க் நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோய் வைத்தியப் பிரிவை நிறுவி, கட்டியைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது, நோயாளி மனத்தில் என்ன படுகிறான் என்றும் கேட்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்று அது தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022 முதல் 14416 என்கிற நம்பருக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்து தமிழிலேயே மனக்கஷ்டத்தைச் சொல்லலாம், காசு கிடையாது. இந்த நம்பரை வாசகசாலைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். செத்துப்போகலாம் என்று யாராவது பேசினால், அப்படி எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது மூடநம்பிக்கை. கேட்ட பிறகு அவரைத் தனியே விடாதீர்கள்.

நம் தோழர் குடியை விட்டு இன்றைக்குப் பத்து மாதமாகிறது. நடுவில் இரண்டு முறை தவறினார். முதல் முறை நம்மிடம் சொல்லவில்லை; இரண்டாம் முறை அவரே வந்து சொன்னார். அதை நாம் வெற்றியாகவே எண்ணுகிறோம். தவறியவனைத் துரத்தினால் அவன் கடைக்குத்தான் போவான். இப்போது கடை சாத்துகிற நேரத்துக்கு ஒருவர் அவரோடு வீடு வரைக்கும் நடக்கிறோம். பிரசங்கம் கிடையாது. அவர் பேசினால் கேட்கிறோம். பேசாவிட்டால் சும்மா நடக்கிறோம். முப்பது வருஷமாகப் பேசிப் பேசி நாம் கற்றுக்கொள்ளாத வேலை இது. நம் கழுத்தில் விழுந்த மாலைகளையெல்லாம்விட இந்த நடை உபயோகமானது என்று இப்போது தெரிகிறது. அந்த அம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். சாமி இல்லை என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. மனுஷர் இருக்க வேண்டிய இடத்தில் நாம் இல்லாமல் போனதற்காகக் கேட்டுக்கொண்டோம். சாமியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, தோழர்களே! அந்த இடத்தில் போய் நிற்க ஆள் வேண்டும்.

ஆகையால் நீங்கள் கைதட்டிக் கலைய வேண்டாம். வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவருக்குப் பட்டணத்தில் பரிசோதனை. காலை 5 மணி பஸ். முந்தின வாரம் முழுவதும் அவருக்குத் தூக்கம் வராது. அந்த வாரந்தான் ஆபத்தான வாரம். எந்தெந்தச் சாயங்காலம் யார் யார் அவரோடு இருப்பது, செவ்வாய்க்கிழமை யார் கூடப் போவது என்று எழுத ஒரு நோட்டை மேஜைமேல் வைத்திருக்கிறோம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் திரும்பி வந்திருப்பார். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நாம் சொன்னதை யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.